பெரிய ஜாவா புராஜெக்ட்: விம்மிலேயே ஓட்டலாமா, ஐடிஇக்கு மாற வேண்டுமா?

அரைப்புள்ளி:

வணக்கம். இவ்வளவு நாளும் பைத்தான், கொஞ்சம் கோ. எல்லாமே டெர்மினலில், விம் என்ற எடிட்டரில்தான். இப்போது சேர்ந்திருக்கும் குழுவில் பெரிய ஜாவா புராஜெக்ட் ஒன்று, பல வருடங்களாகப் பலர் கைபட்டு வளர்ந்தது, ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க், கிரேடில் என்ற பில்ட் கருவி, எண்ணவே அலுப்பு வரும் அளவுக்கு மாட்யூல்கள். குழுவில் எல்லோரிடமும் இன்டெல்லிஜே என்ற ஐடிஇ, அதாவது எடிட்டர், பில்ட், டீபக்கர் எல்லாம் ஒன்றாக இருக்கும் நிரல். என்னையும் அதற்கு வரச் சொல்கிறார்கள், கட்டாயம் ஒன்றும் இல்லை. போட்டுப் பார்த்தேன். திறந்ததும் இன்டெக்ஸிங் என்று எல்லாக் கோப்புகளையும் படித்துப் பட்டியல் போட ஆரம்பித்தது, முடியும்வரை பாதி வசதி வேலை செய்யவில்லை, திரையின் நாலு பக்கமும் பேனல்கள், என் விரல்கள் தேடும் எந்தக் கீயும் அங்கே இல்லை.

எது உசத்தி என்ற சண்டை வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. விம்மில் இந்த அளவு ஜாவா எழுதுவது நடைமுறையில் சாத்தியமா, இல்லை வெறும் பிடிவாதமா? மாறினால் எது கிடைக்கும், எது போகும்? இரண்டையும் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுவழி:

இன்டெல்லிஜே போடுங்கள், உள்ளே விம் கீகளைத் தரும் ஐடியாவிம் பிளக்இன்னைப் போடுங்கள், வேலையைப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஜாவாவில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

வெற்றுவரி:

யோசிக்க நிறைய இருக்கிறது. ஐடிஇயில் மட்டுமே பழகியவர்களோடு வேலை செய்திருக்கிறேன். பச்சை முக்கோணத்தை அழுத்தினால் ஓடும், அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று கேட்டால் பதில் வராது. ஜாவா கிளாஸ்களைத் தேடும் கிளாஸ்பாத்தில் என்ன இருக்கிறது, அந்த ஜார் (லைப்ரரி கோப்பு) எங்கிருந்து வந்தது, ஓடுவது ஜாவா ஜேடிகேயின் எந்தப் பதிப்பு, எதுவும் தெரியாது. சிஐயில், அதாவது கோடைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் சர்வரில், பில்ட் உடைந்தால் 'என்னிடம் ஓடுகிறதே' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். எடிட்டரும் டெர்மினலுமாக வேலை செய்பவருக்கு இந்த இருட்டு கிடையாது, ஒவ்வொரு கட்டளையையும் அவரேதானே அடிக்கிறார். அரைப்புள்ளி, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இந்தப் பழக்கத்தை லேசில் விட்டுவிடாதீர்கள். விம்மிலிருந்து பிரிந்த நியோவிம், அதனோடு எடிட்டருக்கு ஜாவாவைப் புரியவைக்கும் லாங்குவேஜ் சர்வர், போதும்.

மூலைத்தாள்:

வெற்றுவரி சொல்வதில் பாதிக்கு எனக்கு முழு உடன்பாடு, மறுபாதிக்கு இல்லை. முதலில் உடன்படாத பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

எடிட்டர் இந்தப் பக்கம், ஐடிஇ அந்தப் பக்கம் என்று தெளிவாகக் கோடு போட முடிந்த காலம் ஒன்று இருந்தது. 1983இல் டர்போ பாஸ்கல் வந்தபோது எடிட்டரும் கம்பைலரும் ஒரே நிரலுக்குள் இருந்தன, பிழை வந்தால் கர்சர் நேராக அந்த இடத்தில் போய் நிற்கும். எழுதிச் சேமித்து, எடிட்டரை மூடி, கம்பைலரைத் தனியாக ஓட்டி, வரி எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி எடிட்டரைத் திறந்துகொண்டிருந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய விடுதலை என்று நினைத்துப் பாருங்கள். அப்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூன்றும் சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை அறிவித்த பிறகு அந்தக் கோடு ஏறக்குறைய அழிந்துவிட்டது. அதற்கு முன் பத்து மொழிக்கும் பத்து எடிட்டருக்கும் நூறு இணைப்புகளை யாராவது எழுத வேண்டும். இப்போது மொழிக்கு ஒரு சர்வர், எடிட்டருக்கு ஒரு கிளையண்ட், இருபதோடு முடிந்தது. மொழியைப் புரிந்துகொள்ளும் மூளை தனி ப்ராசஸாக வெளியே ஓடுகிறது, எடிட்டர் அதனிடம் ஜேசான் செய்தியாகக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்கிறது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நியோவிம்மில் ஜாவாவுக்குப் போடும் அந்த லாங்குவேஜ் சர்வர் யாருடையது? எக்லிப்ஸ் என்ற ஐடிஇயின் ஜாவா எஞ்சின்தான் அது, ஜன்னல் மட்டும் இல்லாமல் பின்னால் ஓடுகிறது. விஎஸ் கோடில் ஜாவாவுக்கு ரெட் ஹேட் தரும் எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயும் அதேதான். விஎஸ் கோடை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய எரிக் காமாதான் அதற்கு முன் எக்லிப்ஸின் ஜாவா கருவிகளையும் வழிநடத்தினார். ஆக, ஐடிஇ கனமாக இருக்கிறது என்று விம்முக்குப் போகிறவர் ஜாவாவைப் பொறுத்தவரை ஓர் ஐடிஇயின் மூளையைத்தான் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார். அதுவும் ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம்மில் ஓடுவது, பெரிய புராஜெக்ட்டில் நினைவகத்தை நன்றாகவே கேட்கும், திறந்ததும் கிரேடிலைப் படித்து இன்டெக்ஸ் போட்டுவிட்டுத்தான் பேசும்.

எனவே கேட்க வேண்டியது அந்த மூளைக்கு உங்கள் புராஜெக்ட் எவ்வளவு ஆழமாகத் தெரிகிறது என்பதை. வெறும் ஜாவாவாக இருந்தால் எக்லிப்ஸ் எஞ்சின் அருமை, குறை சொல்ல மாட்டேன். ஸ்பிரிங் வந்தால் கதை மாறுகிறது. ஒரு கிளாஸ் தனக்கு வேண்டிய இன்டர்ஃபேஸைக் கன்ஸ்ட்ரக்டரில் கேட்கிறது, அதை நிறைவேற்றும் கிளாஸ் எது என்று அந்தக் கோப்பில் எங்கேயும் எழுதியிருக்காது. அனோட்டேஷன், ப்ரொஃபைல், வேறெங்கோ கிடக்கும் ஒரு கான்ஃபிகரேஷன் கிளாஸ், இவை மூன்றும் சேர்ந்து ஓடும்போதுதான் முடிவாகிறது. ஸ்பிரிங் தெரிந்த ஐடிஇ இந்த முடிச்சைப் பின்தொடர்ந்து, இங்கே வந்து சேரப்போவது இந்த பீன் (ஸ்பிரிங் உருவாக்கித் தரும் ஆப்ஜெக்ட்) என்று ஓரத்தில் ஒரு சின்னம் போட்டுக் காட்டும். பல வருடம் பலர் எழுதிய கோடைப் புதிதாகப் படிக்க வந்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி எது? உங்கள் முதல் சில மாதங்களில் எழுதுவதைவிட வாசிப்பதுதான் அதிகம் இருக்கும்.

பெயர் மாற்றுவதும் அப்படித்தான். ஐம்பது கிளாஸ்களில் கெட்நேம் என்றொரு மெத்தட் இருக்கிறது, அதில் ஒன்றுக்கு மட்டும் பெயர் மாற வேண்டும், அதை ஓவர்ரைடு செய்யும் கிளாஸ்களிலும் கூப்பிடும் இடங்களிலும் மட்டும் மாற வேண்டும். தேடி மாற்றும் கட்டளைக்கு எழுத்துகள்தான் தெரியும், எந்த கெட்நேம் யாருடையது என்று தெரியாது. டைப் தெரிந்த கருவிக்குத் தெரியும். ஜாவாவில் இதைத் தயக்கம் இல்லாமல் செய்யலாம், பைத்தானில் அப்படி முடியாது, ஏனென்றால் அங்கே ஒரு மாறியின் வகை பல நேரம் ஓடும்போதுதான் தெரியும். நீங்கள் இதுவரை ஐடிஇ இல்லாமலே நிம்மதியாக இருந்ததற்கு நீங்கள் எழுதிய மொழிகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது உடன்படும் பாதி. பில்ட் என்பது எந்த ஜன்னலுக்குள்ளும் அடைபடக் கூடாது. கிரேடில் புராஜெக்ட் என்றால் இன்டெல்லிஜே இப்போது இயல்பாகவே பில்டை கிரேடிலிடமே விட்டுவிடுகிறது. மேவன் என்ற இன்னொரு பில்ட் கருவி என்றால் அப்படி இல்லை, தன் சொந்த பில்டரைத்தான் ஓட்டும், நாமாகப் போய் அமைப்பை மாற்றினால்தான் மேவனிடம் ஒப்படைக்கும். மேவன் ப்ளக்இன் உருவாக்க வேண்டிய ஒரு கோப்பு ஐடிஇயில் விட்டுப்போவது, அங்கே ஓடுவது சிஐயில் உடைவது, இவற்றில் கணிசமான பங்கு இதனால் வருவதுதான். குழுவில் யார் எதில் எழுதினாலும் சரி, ரெப்போவைப் புதிதாக இறக்கி டெர்மினலில் ஒரே கட்டளையில் பில்டும் டெஸ்டும் ஓட வேண்டும். இதை உறுதியாக வைத்திருக்கும் குழுவில் ஐடிஇயால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள்.

வெற்றுவரி:

அந்த மேவன் விஷயம் நல்ல குறிப்பு, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் ஐடிஇயில் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரு சின்ன நிரலையாவது ஜாவாசி என்ற கம்பைலரால் கையால் கம்பைல் செய்து, கிளாஸ்பாத்தைக் கையால் கொடுத்து, அது உடைந்து, ஏன் உடைந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு போகட்டும்.

இடைநிறுத்தம்:

ஓடும் நிரலை நிறுத்திப் பிழை தேடும் டீபக்கரைப் பற்றி யாரும் பேசவில்லையே? எனக்கு ஐடிஇ வேண்டியது அதற்காக மட்டும்தான்.

பிரின்ட் போட்டுப் பார்ப்பது கோ, பைத்தானில் சுலபம், மாற்றி ஓட்டினால் அடுத்த நொடி தெரிந்துவிடும். ஸ்பிரிங் அப்ளிகேஷன் மேலே எழுந்து நிற்கவே நேரம் எடுக்கும், ஒவ்வொரு பிரின்ட்டுக்கும் அதை மறுபடி எழுப்ப வேண்டும் என்றால் நாள் அதிலேயே போய்விடும். பிரேக்பாயிண்ட்டில் நிறுத்தி, அங்கேயே ஒரு எக்ஸ்ப்ரெஷனை அடித்து மதிப்பைப் பார்க்கலாம். ஆயிரம் தடவை சுற்றும் லூப்பில் ஆர்டர் எண் இன்னதாக இருந்தால் மட்டும் நில் என்று நிபந்தனை போடலாம். ஒரு ஃபீல்டின் மதிப்பை யாரோ மாற்றுகிறார்கள், யார் என்று தெரியவில்லையா, ஃபீல்டிலேயே பிரேக்பாயிண்ட் வைத்தால் மாற்றும் வரியில் பிடித்து நிறுத்தும். மெத்தடின் உள்ளே ஒரு வரியைத் திருத்தி, ஓடிக்கொண்டிருக்கும் ஜேவிஎம்முக்குள்ளேயே ஏற்றிவிடலாம், மெத்தட் உடலை மட்டும்தான் அப்படி மாற்ற முடியும், புது ஃபீல்டோ புது மெத்தடோ சேர்த்தால் சாதாரண ஜேவிஎம் ஏற்காது. ஃப்ரேமை, அதாவது நடந்துகொண்டிருக்கும் மெத்தட் அழைப்பை, பின்னுக்குத் தள்ளி அதே மெத்தடை மறுபடி நுழைவாயிலிலிருந்து ஓட்டலாம், அதற்குள் டேட்டாபேஸில் எழுதியது எழுதியதுதான், அது திரும்பாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் ஜேவிஎம்மோடு வரும் ஜேடிடபிள்யூபி என்ற டீபக் புரோட்டோகால்தான், ஐடிஇயின் மந்திரம் எதுவும் இல்லை. கன்டெய்னருக்குள் ஓடும் அப்ளிகேஷனுக்கும் 5005 போன்ற ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டு வெளியிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம், உள் நெட்வொர்க்கில் மட்டும் செய்யுங்கள், அந்த போர்ட்டை அடைகிறவர் அந்த ஜேவிஎம்மில் எதையும் ஓட்டலாம். நியோவிம்மிலும் டீபக் அடாப்டர் வழியாக இதைச் செய்யலாம், மைக்ரோசாஃப்ட்டின் ஜாவா டீபக் துணையை லாங்குவேஜ் சர்வரோடு இணைக்க வேண்டும். செய்திருக்கிறேன், வேலை செய்கிறது. அதை அமைத்துப் பராமரிப்பது தனி வேலை, எந்தப் பதிப்போடு எந்தப் பதிப்பு ஒத்துப்போகும் என்று அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கருவியைச் செதுக்குவதில் உங்களுக்கு ஈடுபாடு உண்டென்றால் தாராளமாகச் செய்யுங்கள், புதுக் குழுவில் சேர்ந்த முதல் மாதத்தில் வேண்டாம்.

சிற்றலை:

நான் சி எழுதுகிறேன், மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு. எங்கள் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. சிப் விற்பவர்களே ஐடிஇ தருகிறார்கள், எஸ்டிஎம்32க்குத் தருவது எக்லிப்ஸின் மேல் கட்டியது, எம்பிலேப் எக்ஸ் நெட்பீன்ஸின் மேல் கட்டியது. ரெஜிஸ்டர்களைப் பெயரோடு பிரித்துக் காட்டும் ஜன்னலுக்காக அதைத் திறப்பேன், எழுதுவது முழுக்க வெளியே எடிட்டரில், சிக்கான லாங்குவேஜ் சர்வரான கிளாங்டியோடு. கிளாங்டி சரியாக வேலை செய்ய, எந்தக் கோப்பு எந்த ஃப்ளாக்குகளோடு கம்பைல் ஆகிறது என்ற பட்டியல் கோப்பு ஒன்று வேண்டும், சிமேக் அதை உருவாக்கித் தரும், பழைய மேக்ஃபைல் என்றால் பேர் என்ற கருவியின் கீழ் பில்டை ஓட்டி எடுக்கலாம். அந்தக் கோப்பு இல்லாமல் கிளாங்டியைப் போட்டுவிட்டு எல்லா இடத்திலும் சிவப்புக் கோடு வருகிறது, எடிட்டர் உதவாது என்று முடிவு கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். எடிட்டருக்கு ஒரு நியாயமான வாய்ப்புக் கொடுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், சர்வரில் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் ஒரு கான்ஃபிக் கோப்பைத் திருத்தும் நேரத்தில் கூடவே இருக்கப்போவது விம்மின் மூதாதையான விஐதான், யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரநிலையிலேயே அது இருக்கிறது. எதற்கு மாறினாலும் அதன் அடிப்படைக் கட்டளைகளை மறக்காதீர்கள்.

ஒலிவழி:

எல்லோரும் திரையில் எவ்வளவு தெரிகிறது என்று பேசுகிறீர்கள், நான் திரைவாசிப்பான் வைத்து வேலை செய்பவன், எனக்கு இந்தத் தேர்வே வேறு மாதிரி.

டெர்மினலில் முழுத்திரையாக ஓடும் எடிட்டர் எனக்குக் கஷ்டம். திரையில் எழுத்து மாறியது என்பதுதான் வாசிப்பானுக்குத் தெரிகிறது, மாறியது என் வரியா, கீழே இருக்கும் ஸ்டேட்டஸ் வரியா, பக்கத்து ஜன்னலா என்று அதற்குத் தெரியாது. எடிட்டரே வாசிப்பானோடு பேசினால்தான் பயன். ஈமாக்ஸ் எடிட்டரில் இதைச் செய்துகாட்டியவர் டி. வி. ராமன், அவருடைய ஈமாக்ஸ்பீக் 1990களிலேயே வந்துவிட்டது. திரையில் இருப்பதை வாசிப்பதோடு அது நிற்பதில்லை, ஈமாக்ஸுக்கு உள்ளிருந்தே பேசுவதால் கமென்ட், கீவேர்டு, ஸ்ட்ரிங் ஒவ்வொன்றையும் வேறு வேறு குரலில் சொல்ல முடியும். கண் இருப்பவர்களுக்கு நிறம் செய்யும் வேலையை எனக்குக் குரல் செய்கிறது.

விஎஸ் கோடில் பிழை உள்ள வரி, பிரேக்பாயிண்ட் உள்ள வரி, மடித்து வைத்த பகுதி இவற்றுக்கெல்லாம் தனித்தனி ஒலி உண்டு, பெரும்பாலும் அதில்தான் இருக்கிறேன். இன்டெல்லிஜேயும் பயன்படும், ஆனால் அது ஜாவா ஸ்விங்கில் கட்டியது, விண்டோஸில் ஜாவா ஆக்சஸ் பிரிட்ஜை இயக்கி, திரைவாசிப்பான் ஆதரவையும் அமைப்பில் போட்டாக வேண்டும். குழுவில் எல்லோரும் ஒரே கருவி என்று கட்டாயமாக்குகிறவர்கள் தயவுசெய்து இதையும் யோசியுங்கள். மூலைத்தாள் சொன்ன ஒரே கட்டளையில் பில்ட் இருந்தால்தான் என்னைப் போன்றவர்கள் எந்தக் குழுவிலும் தடையில்லாமல் சேர முடியும்.

மூலைத்தாள்:

ஒலிவழி, நன்றி, கட்டளைவரி பில்டுக்கு நான் சொன்னதைவிட வலுவான காரணம் இது. குரல் மாறும் விவரம் எனக்குப் புதிது.

நெடுவழி:

முதலில் சுருக்கமாக எழுதிவிட்டேன், அரைப்புள்ளி கேட்ட 'எது போகும்' என்பதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

விம் என்று நாம் சொல்வதில் இரண்டு இருக்கின்றன. ஒன்று நிரல்: பில் ஜாய் 1976இல் எழுதிய விஐ, 1991இல் பிராம் மூலனார் வெளியிட்ட விம், 2014இல் அதிலிருந்து பிரிந்த நியோவிம். இன்னொன்று, வினையும் இலக்குமாகச் சேர்த்து அடிக்கும் அந்த முறை: மேற்கோளுக்குள் இருப்பதை மாற்று, பத்தி முடியும்வரை அழி, அடைப்புக்குறிக்குள் இருப்பதை எடுத்துக்கொள். உங்கள் கையில் ஊறியிருப்பது இரண்டாவதுதான், அது எங்கேயும் போகாது. எச், ஜே, கே, எல்லில் அம்புக்குறி வந்ததுகூட பில் ஜாய் வைத்திருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலின் கீபோர்டில் அந்தக் கீகளின் மேலேயே அம்பு வரைந்திருந்ததால். அந்த டெர்மினல் போய்விட்டது, பழக்கம் இன்னும் இருக்கிறது. ஐடிஇக்குள்ளேயும் இருக்கும்.

ஐடியாவிம் இன்டெல்லிஜேயை உருவாக்கும் ஜெட்பிரெயின்ஸே பராமரிப்பது. மேக்ரோ, மார்க், ரெஜிஸ்டர், விஷுவல் பிளாக் எல்லாம் உண்டு, சரவுண்ட் போன்ற பெயர்பெற்ற சில ப்ளக்இன்களின் வேலையையும் அதுவே செய்கிறது. ஐடியாவிம்ஆர்சி என்று தனி அமைப்புக் கோப்பு, அதில் ஐடிஇயின் எந்தச் செயலையும் லீடர் கீயோடு (சொந்தக் கட்டளைகளுக்கு முதலில் அழுத்தும் கீ) கட்டலாம்: ரீநேம், பயன்படும் இடங்களைக் காட்டு, டெஸ்ட்டை ஓட்டு, டீபக் தொடங்கு. அதாவது விம்மின் கைப்பழக்கத்தில் ஐடிஇயின் அறிவு. போவது எது என்றால், உங்கள் விம்ஸ்கிரிப்ட்டும் லுவா ப்ளக்இன்களும் போகும், டெர்மினலை டிமக்ஸ் கொண்டு ஓர் எடிட்டர், ஒரு லாக் என்று பிரித்து வைத்த அமைப்பு போகும், தட்டியதும் திறக்கும் வேகம் போகும். கடைசியாகச் சொன்னது வலிக்கத்தான் செய்யும்.

பேனல்களை மூடிவிடுங்கள், எல்லாவற்றையும் மறைக்க ஒரே ஷார்ட்கட் இருக்கிறது, கோப்புக்குத் தாவ ஷிஃப்ட்டை இரண்டு முறை அழுத்தினால் போதும். பக்கத்தில் மரம் விரித்து வைத்து மவுஸால் கோப்பைத் தேடுவது எந்தக் கருவியிலும் மெதுவானதுதான்.

அரைப்புள்ளி:

எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. பின்னால் ஓடுவது எக்லிப்ஸ் என்ற செய்தி என் கணக்கையே மாற்றிவிட்டது, 'இலேசானது' என்ற என் காரணம் இந்த இடத்தில் நிற்கவில்லை. ஜாவாவுக்கு இன்டெல்லிஜேயும் ஐடியாவிம்மும், மற்ற எல்லாவற்றுக்கும் இப்போதிருக்கும் நியோவிம், பில்டும் டெஸ்ட்டும் டெர்மினலிலிருந்தே. இப்படி ஆரம்பிக்கிறேன்.

இரண்டு சந்தேகம் மிச்சம். இன்டெக்ஸிங் அடிக்கடி ஓடுகிறது, குறைக்க முடியுமா? இன்னொன்று, நான் நியோவிம்மில் திறந்து சேமித்த கோப்பில் இன்டென்ட் மாறி, மாற்றங்களைக் காட்டும் டிஃப் முழுக்க வெள்ளை இடமாக வந்து நின்றது, இதற்கு என்ன செய்வது?

இடைநிறுத்தம்:

இன்டெக்ஸிங்குக்கு: பில்ட் வெளியீட்டு ஃபோல்டர்கள், ஜெனரேட் ஆகும் பெரிய ஃபோல்டர்கள், நோட் மாட்யூல்ஸ் கலந்திருந்தால் அதுவும், விலக்கப்பட்டவை என்று குறித்திருக்கிறதா பாருங்கள். கிரேடில் வழியாகத் திறந்திருந்தால் பில்ட் ஃபோல்டர் தானாகவே விலகியிருக்கும். மெமரி அமைப்பில் ஹீப்பை (ஐடிஇ எடுத்துக்கொள்ளக்கூடிய நினைவகத்தை) ஏற்றுங்கள், தொடக்கத்தில் இருப்பது 2 ஜிபிதான், உங்கள் அளவு புராஜெக்ட்டுக்குப் போதாது. விண்டோஸ் என்றால் புராஜெக்ட் ஃபோல்டரையும் ஐடிஇயின் கேஷ் ஃபோல்டரையும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸின் நேரடிச் சோதனையிலிருந்து விலக்குவது பெரிய வித்தியாசம் தரும், உங்கள் நிறுவன விதிகள் அனுமதித்தால் மட்டும்.

மூலைத்தாள்:

இன்டென்ட்டுக்கு: ரெப்போவின் வேரில் இன்டென்ட் விதிகளைச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பு இருக்கிறதா? இருந்தால் இன்டெல்லிஜே தானாகப் படிக்கும், நியோவிம்மும் 0.9 பதிப்பிலிருந்து ப்ளக்இன் இல்லாமலே படிக்கும், உங்களுடையது பழைய பதிப்பென்றால் முதலில் அதை ஏற்றுங்கள். கோப்பு இல்லையென்றால் உங்கள் குழுவுக்கு நீங்கள் அனுப்பும் முதல் புல் ரிக்வெஸ்ட் அதுவாகவே இருக்கட்டும். அதோடு நிற்காமல் கிரேடிலில் ஸ்பாட்லெஸ் ப்ளக்இன்னையும் சேர்த்துவிட்டால் ஃபார்மேட் என்பது எடிட்டரின் வேலையே அல்ல, கமிட்டுக்கு முன் ஒரு கட்டளை, சிஐயில் ஒரு சோதனை. பழைய கோப்புகள் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடுமே என்று குழு தயங்கினால், குறிப்பிட்ட கிளைக்குப் பிறகு மாறிய கோப்புகளை மட்டும் பார் என்று ஸ்பாட்லெஸிலேயே சொல்லலாம், அந்த அமைப்பின் பெயர் ராட்செட்ஃப்ரம்.